அந்நியரின் கோல்

நாடு விட்டு நாடு வந்தோர் நம் நடுவே நடமாடினும், அவர்தம் குரல் செவிகொடுத்துக் கேட்கப்படுவது அரிது. 1943இல் வார்சாவில் பிறந்து, 1977இல் கனடாவில் குடியேறிய கலைஞர் கிஷிஸ்டோஃப் வோடிச்கோ இக்குறையைத் தாமே அறிந்தவர். அவர் உருவாக்கிய ‘அந்நியரின் கோல்’ 1992இல் பார்சலோனா நகரில் முதன்முதலாக வீதிக்கு வந்தது.

மேய்ப்பனின் கோலை ஒத்த அதன் உச்சியில் சிறிய தொலைக்காட்சித் திரையும் ஒலிபெருக்கியும் உண்டு. அதனை ஏந்தி நடப்பவர் குடிபெயர்ந்தவர். முன்னரே பதிவுசெய்யப்பட்ட அவர் முகமும் சொல்லும் திரையில் தோன்றும். கோலின் பிந்திய வடிவில், மறுக்கப்பட்ட விசா விண்ணப்பம், பழைய புகைப்படம் போன்றவற்றைப் பிறர் காண வைப்பதற்கு ஒளிபுகும் குழல்களும் இணைக்கப்பட்டன.

திரை சிறிதாயிருப்பது கருதிச் செய்யப்பட்டதே. காண விழைவோர் நெருங்கி வரவேண்டும். வந்தவர், திரையிலுள்ள முகமும் தம் எதிரே நிற்பவர் முகமும் ஒன்றே எனக் கண்டுகொள்கிறார். அந்நியரோடு உரையாட அங்கே வழி பிறக்கிறது.

இங்குக் கோல் மேய்ப்பனின் கையிலன்று, அந்நியரின் கையிலேயே இருக்கிறது. அவர்களுக்காகப் பிரசங்க பீடத்தினின்று பரிந்து பேசுதல் நமக்கு எளிது. அவர்களே பேசுகையில் கிட்டச் சென்று கேட்க நாம் ஆயத்தமா?