குளியல் தொட்டியைத் தின்ற அமிலம்

'பிரேக்கிங் பேட்' 2008 முதல் 2013 வரை அமெரிக்காவின் ஏஎம்சி சேனலில் ஒளிபரப்பான தொடர். ஆல்புகர்க்கி நகரின் வேதியியல் ஆசிரியர் வால்டர் வைட் போதைப்பொருள் தயாரிப்பில் இறங்குவதுதான் கதை. ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தின் கரிம வேதியியல் பேராசிரியர் டோனா நெல்சன் தாமாகவே முன்வந்து இதற்கு அறிவியல் ஆலோசனை வழங்கினார்.

முதல் அத்தியாயத்தில் வால்டர் பன்சன் அடுப்பின் சுடரில் கரைசல்களைத் தெளிக்க, சுடர் நிறம் மாறுகிறது. வெப்பத்தால் மேல் ஆற்றல் மட்டத்துக்குத் தாவும் எலக்ட்ரான்கள் இறங்கும்போது ஒளியை உமிழ்கின்றன. ஸ்ட்ரான்சியம் சிவப்பும் தாமிரம் பச்சையும் தரும். தீபாவளி மத்தாப்பின் வண்ணங்களும் இப்படி வருபவையே.

மாணவர்களிடம் அதிகம் கேள்வி எழுப்புவது குளியல் தொட்டிக் காட்சி. பிணத்தைக் கரைக்கப் பாலிஎத்திலீன் தொட்டி வாங்கச் சொல்கிறார் வால்டர். கூட்டாளி ஜெஸ்ஸி வீட்டுக் குளியல் தொட்டியிலேயே ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தை ஊற்ற, தொட்டியும் தரையும் அரிக்கப்பட்டு எல்லாம் கீழ்த்தளத்தில் வந்து விழுகிறது. பாத்திரம் பற்றிய எச்சரிக்கை சரிதான். நீரில் குறைவாகவே அயனியாகும் இந்த 'வலிமை குறைந்த' அமிலம் கண்ணாடியின் சிலிக்காவைத் தாக்கி சிலிக்கான் டெட்ராஃபுளோரைடு வாயுவாக்கிவிடும். தொட்டியின் எனாமல் பூச்சும் ஒருவகைக் கண்ணாடியே. பாலிஎத்திலீனை இது ஒன்றும் செய்யாது. மற்றதெல்லாம் மிகை. 2013இல் 'மித்பஸ்டர்ஸ்' தொலைக்காட்சி நிகழ்ச்சிக் குழு சோதித்தபோது தரை இடிந்து விழவில்லை. உண்மையான ஆபத்து தொடரில் வருவதைவிட ஓசையற்றது: தோல் வழியே ஊடுருவும் ஃபுளோரைடு அயனிகள் உடலின் கால்சியத்தைப் பிணைத்து, இதயத் துடிப்பையே குலைக்கும். அதனால்தான் இதைக் கையாளும் ஆய்வகங்களில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பு வைத்திருப்பார்கள்.

தொடரில் வால்டர் தயாரிக்கும் போதைப்பொருளின் புகழ்பெற்ற நீல நிறமும் கற்பனைதான். தூய்மையான அந்தப் பொருளுக்கு நிறமில்லை. தயாரிப்புமுறையையும் வேண்டுமென்றே முழுமையாகக் காட்டவில்லை. ஆசிரியர்களுக்கு அதனால் இழப்பேதும் இல்லை.

அவர்களுக்கு உதவக்கூடியது இரண்டாம் பருவத்தின் மின்கலக் காட்சி. பாலைவனத்தில் வண்டி நின்றுபோக, துத்தநாகம் பூசிய உலோகத் துண்டுகள், மெர்குரிக் ஆக்சைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு இவற்றைக் கொண்டு வால்டர் பேட்டரி செய்கிறார். இத்தகைய கலம் சுமார் 1.35 வோல்ட் தரும். 12 வோல்ட்டுக்கு ஒன்பதைத் தொடராக இணைக்க வேண்டும். ஆனால் ஸ்டார்ட்டர் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். கையில் செய்த கலத்தின் உள்மின்தடை அந்த அளவு மின்னோட்டத்தை விடாது. பாதரசச் சேர்மம் நச்சு என்பதால் வகுப்பில் இதைச் செய்துகாட்டத் துத்தநாகத் தகடு, தாமிரத் தகடு, வினிகர் போதும். மூன்று நான்கு கலங்களைத் தொடராக இணைத்தால் சிறு எல்இடி எரியும். ஆனால் வோல்ட் போதுமானதாக இருந்தும் உள்மின்தடையால் சிறு மோட்டார்கூடச் சுழலாது.