கந்தையும் கையொப்பமும்: சாங்கி ஒட்டுப்போர்வைகள் குறித்து ஒரு நோக்கு

‘கூழானாலும் குளித்துக் குடி, கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்னும் பழமொழியில் கந்தை வறுமையின் அடையாளமாக நிற்கிறது. இச்சொல்லோடு உறவுடைய ‘கந்தா’ என்னும் வடசொல் ஒட்டுப்போட்ட துணியைக் குறிக்கும். வங்காளத்துக் காந்தா, பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக்கரையில் உருவிய நூலால் ஓட்டுத்தையலிட்டு அமைப்பதாகும். இத்தகைய தையல் சிக்கனம் மட்டுமன்று, ஆவணமுமாகும். இதற்குச் சிங்கப்பூரின் சாங்கி ஒட்டுப்போர்வைகளைச் சான்றாகக் கொள்ளலாம்.

1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில், பெரும்பாலும் ஐரோப்பியரான பெண்டிரும் குழந்தைகளும் சாங்கிச் சிறையில் அடைக்கப்பெற்றனர். அவர்தம் கணவர் சிலர் அதே சிறையின் ஆடவர் பகுதியிலும், சிலர் படைவீரர் முகாமிலும் இருந்தனர். ஒருவர் உயிரோடிருப்பதை மற்றவர் அறிய வழியில்லை. கனடா நாட்டவரான எத்தல் மல்வனியின் தூண்டுதலால், மாவுப்பைத் துணி போன்ற கிடைத்த துணிகளில் பெண்டிர் ஆளுக்கொரு சதுரம் தைத்துத் தம் பெயரையும் பொறித்தனர். போர்வைக்கு 66 சதுரங்களாக மூன்று போர்வைகள் உருவாயின. காயமுற்ற ஜப்பானியருக்கென ஒன்றையும் தைத்தமையால் ஏனைய இரண்டும் மருத்துவமனைக்குச் செல்ல இசைவு கிட்டியது. பெயரைக் கண்ட கணவருக்கு அது மடலாயிற்று. இன்று ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடமும், இரண்டு கான்பெராவிலுள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்திலும் உள்ளன.

சிறையிலிருந்த சாரணச் சிறுமியரும் துண்டுத்துணிகளை அறுகோணங்களாக வெட்டி, தம் தலைவி எலிசபெத் என்னிஸின் பிறந்தநாளுக்கென மறைவாக ஒரு போர்வை தைத்தனர். அது லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தில் உள்ளது.

இப்போர்வைகளை நாம் கலைப்பொருளாக மட்டும் காண்பது போதாது. பெயர்ப்பட்டியல் ஒருவர் இருந்தார் என்று கூறும். தையலோ அவர் எதை நினைத்திருந்தார் என்பதையும் கூறும். பூவும் சிறையறையும் அச்சதுரங்களில் அருகருகே அமைந்துள்ளன.

நம்மவர் வழக்கிலும் பழஞ்சேலை வீணாவதில்லை. அது தூளியாகிறது, பின் மடித்துத் தைத்த விரிப்பாகிறது. லிட்டில் இந்தியாவின் தேக்கா நிலைய மேல்தளத் தையற்கடைகளில் இன்றும் துண்டுத்துணிகள் மிஞ்சுகின்றன. எனினும் நம் விரிப்புகளில் பெயர் இல்லை. உடுத்தியவர் யார், தைத்தவர் யார் என்பது தைத்தவரோடு மறைந்துவிடுகிறது.

ஆகவே, தமிழாசிரியர்கள் மாணவரிடம் வீட்டுப் பழந்துணி ஒன்றைக் கொணரச் செய்து, அது யாருடைய சேலை என்று பாட்டியிடம் கேட்டெழுதப் பணிக்கலாம். கேட்டுச் சொல்ல அவர்கள் இருக்கும்போதே இப்பணி நிகழ்தல் வேண்டும் எனக் கருதுகிறோம்.