தாய் ஏ, தகப்பன் பி, பிள்ளை ஓ: ஒரு கணக்கு

இரத்தினபுரியிலோ கேகாலையிலோ ஒரு தோட்டத்து லயம். தாயின் கிளினிக் அட்டையில் இரத்த வகை ஏ, தகப்பனுக்கு பி, பிறந்த பிள்ளைக்கு ஓ. பக்கத்துக் காம்பராவில் இதை வேறு விதமாகப் பேசக்கூடும். அந்தப் பேச்சுக்குப் பதில் 17.5 சதவீதம் என்ற எண்; அது வந்த வழி இது.

1919இல் லுட்விக், ஹன்னா ஹிர்ஷ்ஃபெல்ட் தம்பதியர், சலோனிக்கா போர்முனையில் திரட்டிய இரத்த வகை அட்டவணையை ‘லான்செட்’ இதழில் வெளியிட்டனர். 1,000 இந்தியரில் ஓ 31.3, ஏ 19.0, பி 41.2, ஏபி 8.5 சதவீதம். 500 ஆங்கிலேயரில் முறையே 46.4, 43.4, 7.2, 3.0 சதவீதம். பி வகையின் பங்கு இந்தியரிடம் 5.7 மடங்கு. இதை வைத்து மனித குலத்துக்கு ஏ, பி என இரு மூல இனங்களை அவர்கள் ஊகித்தார்கள். ஊகம் நிலைக்கவில்லை; அட்டவணை நிலைத்தது.

அதில் திருப்பம் தந்தது இந்தியர் வரிசையின் மிகச் சிறிய எண்ணான 8.5. ஏ, பி இரண்டும் தனித்தனி மரபணுக்கள் என்பது 1910 முதல் இருந்த கருத்து. அப்படியானால் ஏ உள்ளோர் 27.5 சதவீதத்தை பி உள்ளோர் 49.7 சதவீதத்தால் பெருக்க, 1,000 பேரில் 137 பேர் ஏபி ஆக வேண்டும். இருந்தவர்கள் 85; குறை 52. கணிதவியலாளர் ஃபெலிக்ஸ் பெர்ன்ஸ்டைன் 1924இல் ஒரே மரபணுவுக்கு மூன்று வடிவங்கள் என்று வைத்துக் கணக்கிட்டார். அம்முறையில் ஓ வடிவம் 0.313இன் வர்க்கமூலம், 0.5595. ஏ, ஓ வகைகள் சேர்ந்து 0.503; அதன் வர்க்கமூலத்தை 1இலிருந்து கழிக்க பி வடிவம் 0.2908. பி, ஓ சேர்ந்த 0.725இலிருந்து ஏ வடிவம் 0.1485. மூன்றின் கூட்டுத்தொகை 0.9988. எதிர்பார்க்கும் ஏபி 86 பேர். 85க்கு 1 மட்டுமே கூடுதல்.

இனி லயத்துப் பிள்ளை. இதே எண்களின்படி ஏ வகையினரில் 88.3 சதவீதத்தினரும் பி வகையினரில் 79.4 சதவீதத்தினரும் ஓ வடிவத்தை மறைவாகச் சுமக்கிறார்கள். இருவருமே சுமந்தால் நான்கில் ஒரு பிள்ளை ஓ. மூன்றையும் பெருக்க 17.5 சதவீதம், ஏறத்தாழ ஆறில் ஒன்று. ஆனால் கங்காணிகள் திருச்சி, சேலம் பக்கங்களிலிருந்து தோட்டங்களுக்கு அழைத்து வந்த குடிகளுக்கு அந்த 1,000 இந்தியப் படையினர் சரியான மாதிரி அல்லர். இலங்கையில் ஓ தான் முதலிடத்து வகை. ஓ வடிவம் கூடக்கூட 17.5உம் கூடும், உச்சம் 25.

வேதியியலில் ஏ, பி வகைகளின் வித்தியாசம் மிகச் சிறியது. இந்த மரபணு தரும் நொதியின் நீளம் 354 அமினோ அமிலங்கள். ஏ நொதிக்கும் பி நொதிக்கும் 176, 235, 266, 268ஆம் இடங்களில் மட்டும், அதாவது 4 இடங்களில் மாற்றம், 1.1 சதவீதம். சிவப்பணுவின் மேலுள்ள எச் பொருளின் நுனியில் ஏ நொதி என்-அசெட்டைல்கேலக்டோசமைன் என்ற சர்க்கரையைச் சேர்க்கிறது. பி நொதி கேலக்டோசை. பரவலான ஓ வடிவத்தில் மரபணுவின் 261ஆவது எழுத்து விடுபட்டதால் வாசிப்பு பிசகி 117 அமினோ அமிலங்களோடு நின்றுவிடுகிறது, எதையும் சேர்ப்பதில்லை. இது 1990இல் தெரியவந்தது.

எச் பொருளே இல்லாதவர்களும் உண்டு. 1952இல் பம்பாயில் பெண்டேயும் குழுவினரும் அத்தகைய 3 பேரைப் பற்றி எழுதினார்கள். இத்தகையோரிடம் ஏ அல்லது பி மரபணு இருந்தாலும் சர்க்கரை ஒட்ட இடமில்லை; சாதாரணச் சோதனையில் ஓ என்றே தெரியும். ஆகவே ஏபி தகப்பனுக்கு ‘ஓ’ பிள்ளை என்றாலும் பஞ்சாயத்துக்கு அவசரம் வேண்டாம்.

இரத்தம் ஏற்றும்போது 0.503, 0.725 என்ற அதே எண்கள் திரும்பி வருகின்றன. 24 பெரியவர்கள் உள்ள லயம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்எச் கணக்கை ஒதுக்குவோம். 1919 விகிதப்படி, சிவப்பணு கொடுக்கக்கூடியவர்கள் ஏபி நோயாளிக்கு 24 பேர், பி நோயாளிக்கு 17, ஏ நோயாளிக்கு 12, ஓ நோயாளிக்கு 8. அந்த 8இல், கடந்த 4 மாதத்துக்குள் இரத்தம் கொடுத்தவர்களையும், ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 12 கிராமுக்குக் குறைந்தவர்களையும் கழிக்க வேண்டும்.