'ஜெபத்துக்கு வாங்க..!' - டி.வி-யை நிறுத்திவிட்டுப் பாய் விரிக்கும் அந்த 15 நிமிடங்கள்

இரவு எட்டு, எட்டரை மணிவாக்கில் திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் கிறிஸ்தவக் குடும்பங்கள் அதிகம் வசிக்கும் தெருக்களில் நடந்துபோனால் ஒன்றைக் கவனிக்கலாம். ஒரு வீட்டில் டி.வி சத்தம் அடங்கும். கொஞ்ச நேரத்தில் சுருதி சேராத நாலைந்து குரல்கள் பாடத் தொடங்கும். தாத்தா ஒரு வரி முன்னால் போக, பேரன் ஒரு வரி பின்னால் வருவான். பாட்டு முடிந்ததும் யாரோ எழுத்துக்கூட்டி பைபிள் வாசிப்பது கேட்கும். அப்புறம், முணுமுணுப்பாக ஒரு ஜெபம்.

இதுதான் குடும்ப ஜெபம். கத்தோலிக்க வீடுகளில் இதே நேரத்தில் ஜெபமாலை உருளும். மே, அக்டோபர் மாதங்களில் இன்னும் சிரத்தையாக நடக்கும். பெயரும் முறையும் சபைக்குச் சபை மாறினாலும் விஷயம் ஒன்றுதான். ஒரு நாளில் ஒருமுறை, வீட்டில் இருக்கும் எல்லோரும் ஒரே இடத்தில் உட்கார வேண்டும்.

கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால், இன்று இதைத் தினமும் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்று எந்தக் கிறிஸ்தவ அம்மாவைக் கேட்டாலும் சொல்வார். அப்பா வேலை முடிந்து வர ஒன்பதரை. மகளுக்கு டியூஷன். மகனுக்கு நைட் ஷிஃப்ட். எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளில் ஆளுக்கொரு செல்போன். 'ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போறோம்ல... போதாதா?' என்ற கேள்வியும் வருகிறது.

போதுமா, இல்லையா? அந்த 15 நிமிடங்களில் என்னதான் நடக்கிறது என்று பார்த்தால், பதில் கிடைக்கலாம்.

பாட்டு, வாசிப்பு, ஜெபம்

பெரும்பாலான சி.எஸ்.ஐ, லூத்தரன் வீடுகளில் வரிசை இதுதான். முதலில் ஒரு ஞானப்பாட்டோ கீர்த்தனையோ. பிறகு வேதவாசிப்பு. பிள்ளைகள் ஆளுக்கொரு மனப்பாட வசனம். வீட்டுப் பெரியவர் ஜெபம் செய்ய, கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். முடிந்ததும் பெரியவர்களுக்கு 'ஸ்தோத்திரம்' சொல்லிவிட்டு சாப்பாட்டுக்கு ஓட்டம்.

இந்தச் சூழலில் வளர்ந்தவர்களுக்குச் சில ரகசியங்கள் தெரியும். மனப்பாட வசனம் மறந்துபோனால் கைகொடுப்பது யோவான் 11:35. இயேசு அழுதார் என்பதைச் சொல்லும் அந்த வசனத்தில் தமிழில் மூன்றே சொற்கள். 'இன்னிக்கு எந்தச் சங்கீதம்?' என்று கேட்டால் பிள்ளைகளின் தேர்வு 117. இரண்டே வசனங்கள்! வரிசையாக வாசித்துவரும் வீட்டில் 119 நெருங்க நெருங்க வயிற்றைக் கலக்கும். அதில் 176 வசனங்கள். முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் பெயர்ப் பட்டியலாகவே வரும்போது, வாசிக்கிற பிள்ளையின் நாக்கு சுளுக்கும். கேட்கிற பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் படாதபாடு படுவார்கள்.

ஜெர்மன் ராகமும் தஞ்சாவூர் கீர்த்தனையும்

அந்தச் சின்னக் கூடத்தில் முந்நூறு வருட வரலாறும் உட்கார்ந்திருக்கிறது.

1706-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய சீகன்பால்கு, தமிழ் படித்து புதிய ஏற்பாட்டைத் தமிழில் மொழிபெயர்த்தார். அது 1714-15-ல் தரங்கம்பாடியிலேயே அச்சானது. அதற்குப் பின் வந்த ஃபெப்ரீஷியஸ் ஜெர்மன் பாடல்கள் பலவற்றைத் தமிழாக்கினார். ஞானப்பாட்டுகளின் மெட்டு இன்றும் கொஞ்சம் வெளிநாட்டுச் சாயலில் கேட்பதற்கு அதுதான் காரணம்.

கீர்த்தனைகளின் கதை வேறு. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார், சிறுவயதிலேயே தஞ்சாவூருக்குப் போய் மிஷனரி சுவார்ட்ஸிடம் வளர்ந்தவர். இரண்டாம் சரபோஜி மன்னரும் சுவார்ட்ஸின் மாணவர்தான். கர்நாடக ராகங்களில் கிறிஸ்தவக் கீர்த்தனைகளை எழுதிய சாஸ்திரியார், குறவஞ்சி வடிவத்தை எடுத்து 'பெத்லகேம் குறவஞ்சி'யும் படைத்தார். பாட்டு, ராகம், தாளம் எல்லாம் இந்த மண்ணுடையது.

ஆக, பாயில் உட்கார்ந்து, முக்காடு போட்டு, ஒருநாள் ஜெர்மன் மெட்டிலும் மறுநாள் நம் ராகத்திலும் பாடுகிறது ஒரு குடும்பம். 'கிறிஸ்தவர்கள்னா வெள்ளைக்காரன் கலாசாரம்தானே' என்று நினைப்பவர்கள் ஒருநாள் இந்தக் கூடத்தில் வந்து உட்கார வேண்டும்.

தமிழ் வாசிக்க ஓர் இடம்

இன்னொரு பலனும் இருக்கிறது. இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் பல பிள்ளைகள் பாடப்புத்தகத்தைத் தாண்டி தமிழை வாய்விட்டு வாசிப்பதே குடும்ப ஜெபத்தில்தான். வெளிநாட்டில் வளரும் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத் தமிழும் கிடையாது.

அதிலும் ஒரு சிக்கல். புராட்டஸ்டன்ட் வீடுகளில் இன்றும் பெரும்பாலும் வாசிக்கப்படுவது 19-ம் நூற்றாண்டில் உருவான மொழிபெயர்ப்பு. கிருபை, இரட்சிப்பு, பிரயாசம், அநுக்கிரகம்... பத்து வயதுப் பிள்ளைக்கு இவை புரிவது கடினம். கத்தோலிக்கர்களும் மற்ற சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த 'திருவிவிலியம்' பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வெளியானது. அதன் தமிழ் இன்றைய தமிழ். பழைய தமிழின் ஓசையை விட மனசு வராத தாத்தா ஒரு பக்கம், அர்த்தம் புரியாமல் கொட்டாவி விடும் பேத்தி மறுபக்கம். சில வீடுகளில் இதற்கு ஒரு சமரசம் கண்டுபிடித்திருக்கிறார்கள். தாத்தா பழையதில் வாசிக்க, பேத்தி அதே பகுதியைப் புதியதில் வாசிக்கிறாள். கூடுதலாக மூன்று நிமிடங்கள் ஆகின்றன. ஆனால், பேத்தி கொட்டாவி விடுவதில்லை.

குடும்பச் செய்திகள், ஆச்சி வாசிப்பது!

பாட்டையும் வாசிப்பையும்விட எனக்கு முக்கியமாகத் தோன்றுவது, ஜெபத்தில் சொல்லப்படும் பெயர்கள்.

என் ஆச்சியின் ஜெபம் ஒரு நியூஸ் புல்லட்டின் மாதிரி இருக்கும். துபாயில் இருக்கும் மாமாவில் தொடங்கி, எதிர்வீட்டு அக்காவின் பிரசவம், சினை ஆடு, பெய்யாத மழை, பேச்சுவார்த்தை இல்லாத பெரியப்பா குடும்பம் என ஒருவரையும் விடமாட்டார். சித்தப்பாவுக்கு வேலை போனது எங்களுக்குத் தெரியவந்ததே ஆச்சியின் ஜெபத்தில்தான். யாரும் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்லவில்லை. கண்ணை மூடியிருந்த நேரத்தில் காதில் விழுந்தது. மறுநாள் சித்தப்பாவிடம் சைக்கிள் வாங்கித் தரச் சொல்லி நச்சரிக்கக் கூடாது என்று ஏழு வயதிலேயே புரிந்தது.

வீட்டில் யாருக்கு என்ன பாரம் என்று எல்லோருக்கும் தெரியவைக்கிற இடம் இது. அந்தப் பாரத்தைக் கடவுளிடம் சொல்கிறோம் என்பது நம்பிக்கை. அதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் கேட்கிறார் என்பது குடும்பம். சர்ச்சில் நூறு பேருக்கு நடுவே இது நடக்காது. 'ஞாயிற்றுக்கிழமை போதாதா' என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்.

'ஆண்டவரே, இவனுக்கு நல்ல புத்தியைத் தாரும்!'

பிறகு ஏன் பிள்ளைகள் நழுவுகிறார்கள்? செல்போனை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

பல வீடுகளில் ஜெபம் என்ற பெயரில் நடப்பது மறைமுகத் திட்டு. 'கர்த்தாவே, இந்தப் பிள்ளை கணக்குல ஃபெயிலாகியிருக்கிறான், செல்போனையே பார்க்கிறான், அவனுக்கு நல்ல புத்தியைத் தாரும்' என்று அப்பா கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தால், மகன் என்ன செய்வான்? எதிர்த்துப் பேச முடியாது; ஜெபத்தின் நடுவே எழுந்துபோகவும் முடியாது. மாமியாரின் ஜெபத்தில் மருமகள் மாட்டிக்கொள்வதும் உண்டு. கடவுளிடம் பேசுவதுபோல பக்கத்தில் இருப்பவரைக் குத்துவதைப் பிள்ளைகள் சட்டெனக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். அதன் பிறகு தங்கள் கவலையை அந்தக் கூடத்தில் அவர்கள் வாய் திறந்து சொல்வதில்லை.

பிள்ளைகளைக் கோபப்படுத்தாதீர்கள் என்று தகப்பன்மார்களுக்குச் சொல்கிறது எபேசியர் 6:4. காணிக்கை செலுத்த வரும்போது சகோதரனுக்கு உன்மேல் மனக்குறை இருப்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்பது மத்தேயு 5-ல் இயேசு சொன்னது. பகலில் மனைவியை அவமானப்படுத்திவிட்டு இரவில் உருக்கமாக ஜெபம் செய்யும் ஒருவரைப் பார்த்து வளரும் பிள்ளைக்கு, எத்தனை மனப்பாட வசனம் சொல்லிக்கொடுத்தாலும் ஏறாது.

முந்தானைக்குள் ஒரு ஜெபம்

நடத்துபவர் அப்பாவாக இருந்தாலும், நடக்கவைப்பவர் அம்மாதான். தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பாராட்டும் பவுல், அது முதலில் பாட்டி லோவிசாளிடமும் தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்கிறார். 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வீடு நிறையப் பிள்ளைகளோடு வாழ்ந்த சூசன்னா வெஸ்லி, தனியாக ஜெபிக்க இடமில்லாமல் தன் ஏப்ரனைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொள்வாராம். அம்மா அப்படி இருந்தால் தொந்தரவு செய்யக் கூடாது என்பது பிள்ளைகளுக்குத் தெரியுமாம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும், ஆயிரக்கணக்கான பாடல்களை எழுதிய சார்லஸ் வெஸ்லியும் அந்தப் பிள்ளைகளில் இருவர்.

ஏப்ரனுக்குப் பதில் முந்தானை என்றால், அது நம் வீட்டுக் காட்சி. ஒரு காது ஜெபத்திலும், இன்னொரு காது அடுப்பில் பால் பொங்குகிறதா என்பதிலுமாக முழங்காலில் நிற்கும் அம்மாக்கள். அந்த நேரத்தில் அடுப்பைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இன்னொருவர் எழுந்தால், அதுவும் ஜெபத்தில் சேர்த்திதான்.

ஜெபம் மட்டும் போதாத இடங்கள்

இதையும் சொல்லியாக வேண்டும். அடிக்கும் கணவனைப் பற்றி அழுதுகொண்டு வரும் பெண்ணிடம், 'ஜெபம் பண்ணு, பொறுத்துக்கோ' என்று மட்டும் சொல்லி அனுப்புவது ஆபத்து. அவருக்கு உடனடித் தேவை பாதுகாப்பு. பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098. மாதக்கணக்கில் தூக்கமில்லாமல், எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பவரை 'விசுவாசம் குறைஞ்சிடுச்சு' என்று குற்றப்படுத்துவதும் தவறு. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் 14416 இருக்கிறது. காய்ச்சலுக்கு ஜெபித்துவிட்டு மாத்திரையும் கொடுக்கிறோம் இல்லையா? மனதுக்கும் அப்படித்தான்.

மறுபடி தொடங்க நினைப்பவர்களுக்கு...

* நேரத்தைக் குறையுங்கள். ஒரு பாட்டு, பத்து வசனங்கள், ஒரு ஜெபம். பத்து நிமிடங்கள் போதும். தினமும் பத்து நிமிடங்கள் நிற்கும். ஒரு மணி நேரம் ஒரே வாரத்தில் நின்றுபோகும்.

* எங்கிருந்து வாசிப்பது என்று குழப்பமா? நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். இன்று எந்தத் தேதியோ அந்த அதிகாரம்.

* ஒவ்வொரு நாளும் ஒருவர் நடத்தட்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் ஒருநாள் கொடுங்கள். அது தேர்ந்தெடுக்கும் பாட்டு வி.பி.எஸ் ஆக்‌ஷன் சாங்காக இருந்தால், தாத்தாவும் கை தட்டட்டும்.

* ஜெபத்துக்கு முன் ஆளுக்கு ஒரு கேள்வி: 'இன்னிக்கு எதுக்காக ஜெபிக்கணும்?' சொல்வதை அப்படியே ஜெபியுங்கள். அறிவுரை சேர்க்காதீர்கள்.

* வேறு மதத்திலிருந்து வந்த மருமகளையோ மருமகனையோ கட்டாயப்படுத்தாதீர்கள். அவருடைய அம்மா அப்பா பெயரையும் சொல்லி ஜெபியுங்கள்.

* பிள்ளைகள் வெளியூரிலா? நமக்கு இரவு எட்டரை என்றால் துபாயில் ஏழு மணி. வாரத்தில் ஒருநாளாவது வீடியோ காலில் சேர முடிகிற நேரம்தான்.

* இரண்டு நாள் விட்டுப்போனால் யாரையும் குற்றம் சொல்லாமல் மூன்றாம் நாள் பாயை விரியுங்கள்.

பல கிறிஸ்தவ வீடுகளின் சுவரில் யோசுவா 24:15 சட்டம் போட்டுத் தொங்கும். நானும் என் வீட்டாரும் யாரைச் சேவிப்போம் என்று யோசுவா முடிவெடுத்துச் சொல்லும் வசனம் அது. அதற்குக் கீழே உட்கார்ந்திருக்கும் வீட்டாரிடம் இன்று ராத்திரி கேட்டுப்பாருங்கள்... 'உனக்காக எதைச் சொல்லி ஜெபிக்கட்டும்?' உங்கள் மகன் முதல் நாள் 'ஒண்ணுமில்ல' என்றுதான் சொல்வான். நாலாவது நாளும் கேளுங்கள்.