பூனை மீசை

கோலார் தங்கவயலின் வடகோடியில், நந்திதுர்க்கம் சுரங்கத்தையும் தாண்டிக் கிடக்கிற பாலகாட்டில், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த நம்மவர்கள் குடியிருந்த லைன் வீடுகளில், எலிக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆகவே பூனைக்கும் பஞ்சமில்லை. அவற்றை இன்னார் வளர்த்தார் என்று சொல்ல முடியாது. ஒரு வீட்டில் பாலும், அடுத்த வீட்டில் கருவாட்டுத் தலையும், மூன்றாம் வீட்டில் குட்டி போட ஒரு மூலையும் பெற்று, லைன் முழுவதற்கும் பொதுச் சொத்தாக அவை ஜீவித்து வந்தன.

இரவு ஷிப்ட் முடிந்து வந்து கண்ணாடி முன் நின்று மீசை ஒதுக்கும் என் தந்தையாரைப் பார்த்துப் பார்த்து உண்டான சிரத்தையினால், என் எட்டாவது பிராயத்தில், அப்படியொரு சாம்பல் நிறப் பூனையின் ஒரு பக்கத்து மீசையை நான் கத்தரித்துவிட்டேன். மறு பக்கத்துக்குப் போவதற்குள் ஆயா பார்த்துவிட்டாள்.

“அடப் பாவி, இருட்டுல அதுக்கு அதுதாண்டா கண்ணு!”

“மறுபடி வளராதா ஆயா?”

“வளரும், வளரும். அதுக்குள்ள எத்தனை எடத்துல முட்டிக்குமோ!”

எழுத்தறியாத ஆயாவின் வார்த்தையில் பிராணி சாஸ்திரம் அறிந்தவர்கள் திருத்துவதற்கு அதிகம் இல்லை. பூனையின் மீசை ஆண்மையின் அடையாளமன்று, பெட்டைக்கும் உண்டு, கண் திறவாமல் பிறக்கும் குட்டிக்கும், பார்வை வருமுன்பே அது வந்துவிடுகிறது. மேலுதட்டின் ஒவ்வொரு பக்கத்திலும் ஏறக்குறைய 12 ரோமங்கள் நான்கு வரிசையாக நிற்க, புருவத்திலும், மோவாயிலும், முன்னங்கால்களின் பின்புறத்திலும்கூட அதே ஜாதி ரோமங்கள் சில இருக்கின்றன. மற்ற ரோமத்தைவிட இரண்டு மூன்று மடங்கு தடிப்பும், அதைப் போல மூன்று மடங்கு ஆழமான வேரும் கொண்ட இவை, குளிருக்குப் போர்வையாக அமைந்தவை அல்ல. ஸ்பரிசத்துக்கென்றே அமைந்த ஓர் இந்திரியம்.

ஆயினும் அந்த ரோமத்திற்குள் நரம்பு என்பது கிடையாது. உயிரற்ற ரோமம் எவ்வாறு உணரும் என்ற சந்தேகத்திற்குச் சுரங்கத்திலேயே சமாதானம் இருக்கிறது. வெடி வைத்த இடத்துக்குத் திரும்பிச் செல்லும் தொழிலாளி, தலைக்கு மேலுள்ள பாறையை நீண்ட இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பான். கெட்டிப் பாறை கணீரென்னும், பிளவுபட்டது மொத்தென்னும். கம்பிக்கு எதுவும் தெரியாது. அதைப் பிடித்த கைக்கும், கேட்கும் காதுக்குமே தெரியும். மீசையும் அத்தகைய கம்பிதான். அதன் வேர், இரத்தம் நிறைந்த ஓர் உறைக்குள் பதிந்திருக்க, அவ்வுறையைச் சுற்றி நரம்பு நுனிகள் நெருங்கிக் கிடக்கின்றன. நுனி சற்றே வளைந்தாலும், காற்றின் ஓட்டம் சற்றே மாறினாலும், அந்த அசைவு வேருக்கு இறங்கி மூளைக்கு ஏறிவிடுகிறது.

தூரத்தில் ஓடும் எலியைத் துல்லியமாய்க் காணும் பூனைக்கு, மூக்கிலிருந்து ஓரடிக்குள் இருப்பது மங்கலாகத்தான் தெரியும் என்பது பலருக்கு ஆச்சரியமளிக்கலாம். ஆகையால் பாய்ந்து கவ்வும் கணத்தில் மீசை முழுவதும் முன்னோக்கி வளைந்து, இரையைத் தழுவி, அதன் தலை எப்பக்கம், கழுத்து எப்பக்கம் என்று சொல்லிக் கொடுக்கிறது. பயந்த பூனை அதே மீசையைக் கன்னத்தோடு ஒட்டிக்கொள்ளும். சந்தில் உடல் நுழையுமா என்று மீசையை வைத்தே அளக்கும் என்பது பெரும்பாலும் மெய்தான். ஆனால் தின்று கொழுத்த பூனைக்கு வயிறு பெருக்குமளவு மீசை பெருப்பதில்லையாதலால், அந்தக் கணக்கை அதிகம் நம்புவதற்கில்லை.

ஆழச் சுரங்கங்களில் பாறை வெடிக்கும்போது லைன் வீடுகளின் பாத்திரங்கள் அதிருமே, அதைப் பூனை மீசையால் முன்கூட்டியே அறியும் என்று நம்ப எனக்கு வெகு நாள் ஆசையிருந்தது. நான் கண்டவரையில், வீடு அதிர்ந்த பிறகே அதுவும் எங்களோடு சேர்ந்து துள்ளியது.

கத்தரிப்பதனால் வலி இல்லை. பிடுங்கினால் வேரிலுள்ள நரம்பு பொறுக்காது. சுபாவமாகவே மீசை ஒன்றும் இரண்டுமாய் உதிர்ந்து முளைப்பது. எலிகளில், பழைய ரோமம் விழுமுன்பே அதே குழியில் புதியது பக்கத்தில் எழும்பி நிற்பதைக் கண்டிருக்கிறார்கள். இயற்கை ஒருபோதும் முழுவதையும் ஒரே நாளில் பறிப்பதில்லை. அதைச் செய்தது என் கத்தரிக்கோல். வெட்டுண்ட மீசை பழைய நீளம் பெறச் சில வாரங்களிலிருந்து இரண்டு மூன்று மாதம் வரை ஆகும் என்பது பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டது. இந்தியாவிலேயே முந்தி மின்சாரம் கண்ட ஊர்களில் ஒன்று எங்கள் தங்கவயல், 1902 இலேயே சிவசமுத்திரத்திலிருந்து வந்தது என்று பெருமை பேசுவோம். ஆனால் விளக்கு அணைந்த இரவுகளில், அந்தப் பூனை வெட்டுண்ட பக்கமாகவே தண்ணீர்க் குடத்தில் இடித்துக்கொள்ளும் சப்தம் கேட்டு, நான் போர்வைக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்பு ஒரு காலையில் அது மூங்கில் தட்டியின் ஓட்டைக்கு முன் வந்து நின்றது. வெள்ளை ரோமங்கள் இரு பக்கமும் தட்டியைத் தொட்டன. ஒரு கணம் யோசித்து, பிறகு உள்ளே நுழைந்து போயிற்று.