இ.எஸ்.ஐ. அட்டையில் அம்மாவின் பெயர் உண்டா?

கொல்லங்கோட்டிலிருந்து கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவன் நான். சேர்ந்த அன்று கணக்கர் நீட்டிய இ.எஸ்.ஐ. படிவத்தில் என் பெயரை மட்டும் எழுதிக் கொடுத்தேன். ஓராண்டு கழித்து அம்மாவை மருந்தகத்துக்கு அழைத்துப் போனபோது, பட்டியலில் பெயர் இல்லை என்றார்கள். வெளியே வைத்தியம் பார்த்ததில் அம்மாவின் கம்மல் அடகுக்குப் போயிற்று. அம்மா ஒரு சொல் கடிந்து பேசவில்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது.

"சம்பளத்தில் பிடிக்கிறார்களே" என்று மட்டும் நினைத்திருந்தேன். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த திட்டம் இது. 2019 ஜூலையில் குறைக்கப்பட்ட விகிதப்படி, 12,000 ரூபாய் சம்பளத்துக்கு நம் பங்கு 90 ரூபாய். நிறுவனத்தின் பங்கு 390 ரூபாய். சம்பள வரம்பு 2017இல் 21,000 ரூபாயாக உயர்ந்தது.

நமக்கும் மனைவி மக்களுக்கும் நம்மை நம்பியுள்ள பெற்றோருக்கும் சிகிச்சை உண்டு. நோயால் வேலைக்குப் போக முடியாவிட்டால், மருத்துவச் சான்றின்பேரில் ஆண்டுக்கு 91 நாள் வரை 70 சதவீதக் கூலி கிடைக்கும். அதற்கு, உரிய ஆறு மாதச் சந்தாக் காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்க வேண்டும்.

வேலை மாறினாலும் மாநிலம் மாறினாலும் அதே எண்தான். குடும்பம் தமிழ்நாட்டில் இருந்தால், அவர்களுக்கு அங்குள்ள மருந்தகத்தைக் குறிக்கலாம்.

அன்பர்களே, இன்றே உங்கள் அட்டையை எடுத்துப் பாருங்கள். விட்டுப்போன பெயரை நோய் வருமுன் சேர்த்துவிடுங்கள்.