பெயரேடும் மதிய உரையும்

சுவடிக்கூடம் என்றதும் நம் மனக்கண் முன் எழுபவை பூட்டிய அறையும் தூசு படிந்த கட்டுகளுமே. ஆராய்ச்சியாளருக்கன்றி மற்றவர்க்கு அங்கே என்ன வேலை என்று நினைப்போர் பலர். அந்த நினைப்பை மாற்ற முயன்ற ஒரு நிறுவனத்தையும், அம்முயற்சியால் அதற்கு நேர்ந்த சோதனையையும் இன்று பார்ப்போம்.

ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களுள் ஒன்று அலபாமா. அதன் தலைநகர் மொன்ற்கொமரி. அடிமை முறையைக் காப்பதற்காகப் பிரிந்து சென்ற தென் மாநிலங்களின் கூட்டமைப்பு 1861 இல் தன் முதல் தலைநகராகக் கொண்டது இந்நகரைத்தான். 1955 இல் பஸ் வண்டியில் இருக்கையை விட்டு எழ மறுத்து ரோசா பார்க்ஸ் கைதானதும் இங்கேதான். இந்நகரின் கப்பிற்றோல் மாளிகைக்கு எதிரே நிற்கிறது அலபாமா சுவடிகள், வரலாற்றுத் திணைக்களம். 1901 இல் தோமஸ் ஓவன் என்பவரின் முயற்சியால் உருவான இதுவே அமெரிக்க மாநிலமொன்று தனக்கென அமைத்துக்கொண்ட முதலாவது சுவடித் திணைக்களம். நூதனசாலையும் அதே கட்டடத்திலேயே உண்டு.

அந்த 1901 ஆம் ஆண்டுக்கு இன்னொரு முகமும் உண்டு. கறுப்பின மக்களின் வாக்குரிமையைப் பறிக்கும் நோக்கோடு அலபாமா ஒரு புதிய அரசியலமைப்பை இயற்றியதும் அதே ஆண்டில்தான். பறிக்கப்பட்ட அவ்வுரிமைக்குச் சாட்சியாக இன்று இத்திணைக்களத்தில் இருப்பது 1867 ஆம் ஆண்டின் வாக்காளர் பதிவேடு. உள்நாட்டுப் போருக்குப் பின் மத்திய காங்கிரஸின் சட்டப்படி எடுக்கப்பட்ட பதிவு அது.

அப்பதிவேட்டின் பெறுமதியை உணர வேண்டுமானால் அதற்கு முந்திய குடிசன மதிப்பீடுகளைப் பார்க்க வேண்டும். 1850 இலும் 1860 இலும் அடிமைகளுக்கெனத் தனி அட்டவணை எழுதினார்கள். சொந்தக்காரரின் பெயர் அதில் உண்டு. அடிமைகளுக்கோ வயது, பால், நிறம் ஆகியவை மட்டுமே, பெயர் இல்லை. ஏழே ஆண்டுகளின் பின் அதே மனிதர்கள் முதற்பெயரும் குடும்பப் பெயருமாக, வாக்காளராக, ஏட்டில் ஏறுகிறார்கள். தம் முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றுக்கு அரசாங்க ஏடொன்றில் கிடைக்கும் முதற்பெயர் இதுவே. இன்று எவரும் வீட்டிலிருந்தபடியே கணினியில் இப்பெயர்களைத் தேடலாம்.

ஏடு இருந்தாற் போதாது, அதைப் பொதுமக்கள் முன் விரித்து வைப்பாரும் வேண்டும். திணைக்களம் ஒழுங்கு செய்யும் நிகழ்ச்சிகளுள் எளிமையானது மாதந்தோறும் நடைபெறும் மதிய உரை. நண்பகலில் எவரும் சாப்பாட்டுப் பொதியோடு வந்து அமரலாம், கட்டணம் இல்லை. வரலாற்றாசிரியர் ஒருவர் ஏறத்தாழ ஒரு மணி நேரம் பேசுவார். அலுவலக ஊழியரும் ஓய்வுபெற்ற ஆசிரியரும் கேட்டிருப்பர்.

இந்நிறுவனத்தின் பழைய வரலாறோ அத்தனை திறந்த மனம் படைத்ததன்று. ஓவன் 1920 இல் மறைந்த பின் அவர் மனைவி மேரி பாங்கெட் ஓவன் 1955 வரை அதன் பொறுப்பில் இருந்தார். தென்னகக் கூட்டமைப்பின் கடிதங்களும் கொடிகளும் பரிவோடு சேகரிக்கப்பட்டன. கறுப்பின மக்களின் வாழ்வு கவனியாது விடப்பட்டது. இதை வெளியார் எவரும் கண்டுபிடித்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. 2020 ஜூனில் திணைக்களமே அறிக்கையொன்றில் தன் பங்கை ஒப்புக்கொண்டது. தவறியதைச் சேகரிப்பதும் சொல்வதும் இனித் தன் கடமை என்றும் கூறிற்று.

அக்கடமைக்குச் சோதனை மூன்றாண்டில் வந்தது. 2023 ஜூனில், அலபாமாவில் வாழ்ந்த பாலினச் சிறுபான்மையினரின் வரலாறு மதிய உரைக்குப் பொருளாயிற்று. அரசியல்வாதிகள் சிலர் சினந்தனர். திணைக்களத்தின் அறங்காவலர் சபை தன் உறுப்பினரைத் தானே தெரிந்து, செனற்றின் உறுதிப்படுத்தலைப் பெறுவது அப்போது வழக்கமாயிருந்தது. அந்தத் தெரிவுரிமையை அரசியல் தலைவர்களுக்கு மாற்றும் சட்டமூலமொன்று அந்த ஜூலையில் முன்வைக்கப்பட்டது. அக்கூட்டத்தொடரில் அது நிறைவேறவில்லை. ஆயினும் மறு ஆண்டிலும் மீண்டும் கொண்டுவரப்பட்டது.

மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனத்தை மக்கள் பிரதிநிதிகள் கேள்வி கேட்கலாகாதா என்று வினவினால், கேட்கலாம், கணக்கும் பார்க்கலாம். ஆனால் எந்தப் பெயர் வாசிக்கப்பட வேண்டும், எது மூடிக்கிடக்க வேண்டும் என்பதை அவ்வப்போதைய பெரும்பான்மை தீர்மானிக்கத் தொடங்கினால், 1867 ஏட்டைப் போன்றவை பெட்டிக்குள்ளேயே உறங்கும். அந்த ஏட்டிலுள்ள மனிதரின் வாக்கை 1901 இல் பறித்ததும் அன்றைய அதிகாரமே அல்லவா? பறிக்கப்பட்டவரின் பேரப்பிள்ளைகள் இன்று வந்து தம் பாட்டனின் பெயரைக் கேட்கிறார்கள். அதை எடுத்துக் கொடுக்கும் சுதந்திரம் சுவடிக்காப்பாளருக்கு இருக்கவேண்டும்.